ஏற்றாத சுமைக்கு இட்ட கையொப்பம்

எங்கள் அலுவலகத்தின் பழைய கணினி ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு உயிர்விட்டது. அப்பொழுது நான் ஒரு கண் மருத்துவமனையின் லிஃப்ட் பற்றிய ஆய்வறிக்கையில் நான்காம் பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன். திரை ஒருமுறை சிமிட்டியது, பின்பு கறுத்தது. மேசைக்கு அடியில் இருந்த பெட்டியிலிருந்து கருகிய ரப்பர் வாடை எழுந்தது.

"போயிடுச்சா?" என்று தம் மேசையிலிருந்தே கேட்டார் மூத்த மெக்கானிக்.

"போயிடுச்சு அண்ணே."

"இழுத்துக்கிட்டுக் கிடக்காம சட்டுனு போச்சே. புண்ணியம் பண்ண கம்ப்யூட்டர்," என்றார் இளைய மெக்கானிக்.

நாங்கள் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தார், மொத்தம் நால்வர். மூத்த மெக்கானிக்கை எல்லோரும் ‘கயிறு’ என்று அழைப்பார்கள். லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் வருடியே, எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அவர். இளையவர் அவருடைய மனைவியின் தம்பி. கதவுப் பழுதுகளில் வல்லவர். ஆகவே அவர் பெயர் ‘கதவு’. அக்காள் கணவரும் மைத்துனரும் ஒரே அறையில் வேலை செய்தால் அந்த அறைக்கு வானொலி தேவையில்லை. எங்கள் முதலாளியம்மா அறுபதைத் தொட்டவர். இளமையில் தாமே லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவர். அவருடைய இடக்கை மோதிர விரலில் நகம் கிடையாது. அதை ஒரு லிஃப்ட் கதவு எடுத்துக்கொண்டது. நான்காமவள் நான். மெக்கானிக்குகள் கையால் கிறுக்கிக் கொண்டுவரும் குறிப்புகளை முறையான ஆய்வறிக்கையாக எழுதித் தருவது என் பணி. என்னைப் ‘பாட்டக்கா’ என்பார்கள். காரணத்தைச் சற்றுப் பின்னர் கூறுகிறேன்.

எங்கள் அலுவலகம் முதல் மாடியில் உள்ளது. இருபத்திரண்டு படிகள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்க ஏறி வருபவர்கள் எல்லோரும் அதையே வேடிக்கையாகக் கேட்பார்கள். "இருந்தா அதையும் நாங்கதானே பார்க்கணும்? போதும்ப்பா," என்பது முதலாளியம்மாவின் விடை.

கணினி இறந்ததில் மற்றவர்களுக்கு வருத்தம் இல்லை. கோப்புகளின் நகல் தனியே பத்திரமாக இருந்தது. புதிய கணினி வாங்கி, அதில் எழுதுவதற்கான ஆபீஸ் மென்பொருளை ஏற்றினால் வேலை தொடரும். ஆனால் நான் மட்டும் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் இது.

நான் எழுத்தறிந்தது நாற்பத்தொன்றாம் வயதில். அதற்கு முன் இதே அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகள் தரை துடைத்தேன். மேசைகளில் கிடந்த காகிதங்களைப் படிக்கத் தெரியாமலேயே ஒழுங்காக அடுக்கினேன். மாலை வகுப்பில் நான்கு ஆண்டுகள் பயின்று, பள்ளிப் பாடநூல்களை ஒவ்வொன்றாக முடித்தேன். எழுத்தர் ஓய்வுபெற்றபோது, முதலாளியம்மா அவருடைய மேசையை எனக்குத் தந்தார். நான் எழுதும் தமிழில் பிழை காண்பவர் இந்த வட்டாரத்தில் இல்லை என்று இன்றும் துணிந்து சொல்வேன். எனினும் ஒரு குறை உண்டு. எழுதியதைத் திரும்பப் படிக்கும்பொழுது என் கண் வரி தாண்டிவிடுகிறது. தாளில் உள்ளதை விட்டுவிட்டு, மனத்தில் உள்ளதைப் படிக்கிறது. சிறுவயதிலிருந்தே படித்துப் பழகிய கண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லையாம்.

அந்தக் குறைக்கு ஒரு மருந்து பழைய கணினியில் இருந்தது. எனக்கு முன்பிருந்த எழுத்தர் பார்வை மங்கியவர். திரையில் உள்ளதைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டும் ஒரு குரலை அவர் பொருத்தி வைத்திருந்தார். தகரத்தில் தட்டியது போன்ற ஒரு பெண் குரல். முற்றுப்புள்ளியில்கூட மூச்சு விடாது. நாள்தோறும் பிற்பகல், காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, நான் எழுதியதை அவள் படிக்கக் கேட்பேன். விடுபட்ட சொல்லும் இடம் மாறிய எண்ணும் கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பியதில்லை. என் காதில் பாட்டு ஓடுவதாக மற்றவர்கள் எண்ணினார்கள். நானும் அதை மறுக்கவில்லை. அவர்கள் பார்க்கும்பொழுது காலால் தாளமும் போட்டேன். ‘பாட்டக்கா’ என்ற பெயர் அவ்வாறு வந்தது.

அந்தக் குரல் போனால் அறிக்கைகளில் தவறு நுழையும். தவறு நுழைந்தால் நாற்காலி போய்விடும். நான் அஞ்சியது அவ்வளவே.

புதன்கிழமை கணினிக்காரர் வந்தார். புதிய பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தார்.

"ஆபீஸ் சாஃப்ட்வேர்ல மூணு எடிஷன் இருக்கு மேடம். வீட்டுக்கு ஒண்ணு, இன்டர்நெட்லயே ஓடுறது ஒண்ணு, தொழில் பண்றவங்களுக்கு ஒண்ணு. வீட்டு எடிஷன் உங்களுக்கு ஆகாது. கம்பெனி வேலைக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கு."

"நாங்க எல்லாம் ஒரே குடும்பம்தாங்க," என்றார் கதவு. "இவரு என் சொந்த மாமா."

"அந்தக் குடும்பத்துக்கு வேற எடிஷன் இருந்தா நான் எப்பவோ மாறியிருப்பேன்," என்றார் கயிறு.

கணினிக்காரர் சிரித்து முடித்து, மீதி இரண்டையும் விளக்கினார். இணையப் பதிப்பில் எழுதியவை அனைத்தும் இணையத்தில் தங்கும். யாரும் எங்கிருந்தும் கைப்பேசியிலேயே திறந்து பார்க்கலாம். தொழில் பதிப்பு கணினிக்குள்ளேயே இறங்கிவிடும். இணையம் அறுந்தாலும் ஓடும். ஆனால் அந்த ஒரு கணினியில் மட்டுந்தான் திறக்கும்.

கதவின் முகம் மலர்ந்தது. லிஃப்ட் இயந்திரங்கள் பெரும்பாலும் கட்டடத்தின் உச்சியில், ஒரு சிறு அறையில் இருக்கும். அங்கு நின்றுகொண்டு, போன ஆண்டு லிஃப்ட் கதவின் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் இருந்தது என்று தெரியாமல் அவர் தவித்த நாட்கள் பல. "அப்ப போன்லயே பழைய ரிப்போர்ட்டப் பார்த்துக்கலாமா? மொட்டை மாடியில நின்னுக்கிட்டே?"

"தாராளமா."

"அம்மா, இதையே வாங்கிடுவோம்மா. என் முட்டிக்காகவாவது." பின்பு ஏதோ நினைத்தவர்போல் அவர் தலையைச் சொறிந்தார். "ஏங்க, எழுதினதப் படிச்சுக் காட்டுற வசதி இருக்குமே... அது எதுல வரும்?"

"தமிழ்ல படிக்கிற குரலா? அது தொழில் எடிஷன்லதான். இன்டர்நெட் எடிஷன்ல கிடையாது. யாருக்காவது வேணுமா?"

முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் மிக மெதுவாகத் துடைத்தார். கயிறு ஒரு துண்டு இரும்புக் கயிற்றை விரலிடையே உருட்டினார். மின்விசிறி மட்டும் தன் பாட்டுக்குச் சுழன்றது.

"எனக்கு வேண்டாம்ப்பா," என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை என்பது சொன்ன பிறகே உறைத்தது.

"உனக்கு எதுக்குடா அது?" என்று கயிறு தம் மைத்துனரைப் பார்த்துக் கேட்டார். "நீ எழுதுறதே ரெண்டு வரி. அதுல ஒண்ணு கையெழுத்து."

எல்லோரும் சிரித்தோம். நான் சற்று அதிகமாகவே சிரித்தேன்.

இங்கு எங்கள் வழக்கம் ஒன்றை விளக்குதல் வேண்டும். லிஃப்டைப் பழுது பார்த்து முடித்ததும் சுமைச் சோதனை செய்வோம். இருபத்தைந்து கிலோ இரும்புக் கட்டிகளை அந்த லிஃப்ட் தாங்க வேண்டிய அளவுக்கு ஏற்றி, மேலும் கீழும் ஓட்டுவோம். பிறகு சோதனைத் தாளில் ‘ஏற்றிய சுமை’ என்ற கட்டத்தில் எடையை எழுதி, ஓட்டியவர் கையொப்பம் இடுவார். ஏற்றாத சுமையை ஏற்றியதாக எழுதுவதைவிடப் பெரிய குற்றம் எங்கள் தொழிலில் இல்லை. முதலாளியம்மா இந்தத் தாளை லிஃப்டோடு நிறுத்துவதில்லை. அலுவலகத்துக்கு எது வந்தாலும் அதற்கு ஒரு தாள் உண்டு. தேநீர்க் குடுவைக்கு உண்டு, ஏணிக்கு உண்டு. எனக்கு இந்த மேசை கிடைத்த நாளில் புதிய நாற்காலி ஒன்றும் வாங்கினார்கள். கயிறு அதில் அமர்ந்து, மடியில் நான்கு இரும்புக் கட்டிகளை வைத்துக்கொண்டு, அறையைச் சுற்றி உருண்டுவிட்டே கையொப்பமிட்டார்.

மென்பொருளும் தப்பவில்லை.

"இன்டர்நெட் எடிஷன முப்பது நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம்னு சொல்றாரு. பார்த்துட்டு வாங்குவோம்," என்று முதலாளியம்மா எங்களுக்கு ஆளுக்கொரு தாள் நீட்டினார். "அவங்கவங்க வேலைக்கு என்ன வேணுமோ அத முழுசா ஏத்திப் பாருங்க. பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அன்று பிற்பகலே அவரவர் வேலையை அதில் ஏற்றிப் பார்த்தோம். அறிக்கையில் சேர்க்கும் படங்களை ஏற்றிய கயிறு தம் தாளில், ‘புகைப்படம் முப்பது’ என்று எழுதினார். கதவு, ‘மொட்டை மாடி, போன், வெயில்’ என்று எழுதினார். நான், ‘அறிக்கை எழுதுதல்’ என்று எழுதினேன். ‘எழுதியதைச் சரிபார்த்தல்’ என்ற அடுத்த வரியை மனத்தோடு நிறுத்திக்கொண்டேன். கீழே கையொப்பமிட்டேன். என் கையொப்பம் அழகாக இருக்கும். அதற்காகவே ஒரு மாதம் பயின்றவள் நான். முதலாளியம்மா அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு அப்படியே இழுப்பறையில் வைத்தார்.

அன்று மாலை வீட்டில் என் கணவர் மறுநாளுக்கான சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் பேருந்து ஓட்டுநர். நடந்ததைச் சொன்னேன்.

"வேணும்னு சொல்லியிருக்கலாமே," என்றார்.

"எப்படிச் சொல்றது?"

"வாயால. நான் கண்ணாடி போட்டுத்தான் பஸ் ஓட்டுறேன். யாராச்சும் என்னைக் குருடன்னு இறக்கி விட்டாங்களா?"

"உங்க கண்ணாடி மூக்குமேல இருக்கு. ஊருக்கே தெரியும். என் கண்ணாடி காதுக்குள்ள இருக்கு. இத்தனை வருஷம் மறைச்சுட்டு இப்ப எடுத்துக் காட்டச் சொல்றீங்களா?"

"காட்டினா என்ன ஆயிடும்?"

"என்ன ஆகுமா? படிச்சுப் பார்க்கத் தெரியாதவளுக்கு எதுக்கு நாற்காலின்னு கேப்பாங்க. பதினாலு வருஷம் அந்தத் தரையத் துடைச்சிருக்கேன். மறுபடி அந்த வாளியத் தொட மாட்டேன்."

அவர் சட்டையின் கழுத்துப் பட்டையை மடித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தினார். "நீ எழுதின பழைய ரிப்போர்ட்டெல்லாம் ரோட்ல போறவனா எழுதினான்? சரி, உன் இஷ்டம். ஆனா ஒண்ணு. பிரேக் சரியில்லன்னு டிரைவர் சொல்லலன்னா, பஸ்ஸே சொல்லிரும். அதுக்கு நல்ல இடம் பார்த்துச் சொல்லத் தெரியாது."

நான் அதைக் காதில் வாங்கவில்லை.

இணையப் பதிப்பு நன்றாகவே ஓடியது. கதவு மொட்டை மாடிகளிலிருந்து குதூகலமாகக் கூப்பிட்டு, "தெரியுது அக்கா, எழுத்து எல்லாம் தெரியுது!" என்று கத்துவார். நான் மட்டும் நாள்தோறும் ஒரு மணி நேரம் கூடுதலாக அமர்ந்தேன். திரையில் விரலை வைத்து, வரிக்கு வரி நகர்த்தி, உதடு அசையாமல் படித்தேன். இயர்போனை வழக்கம்போல் காதில் செருகிக்கொண்டேன். அதில் ஒன்றும் ஓடவில்லை. ஒன்றும் ஓடாத காதுக்கு நான் காலால் தாளம் போட்டதை எண்ணினால் இன்றும் முகம் சுடுகிறது.

"இன்னைக்கு என்ன பாட்டுக்கா?" என்பார் கதவு.

"பழைய பாட்டு."

"அப்படியா?" என்பார். அதற்குமேல் கேட்கமாட்டார்.

பத்தொன்பதாம் நாள். ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்டைப் பார்த்துவிட்டு வந்த கயிறு, ஒன்பது குறிப்புகள் அடங்கிய தாளைத் தந்தார். அதில் ஐந்தாம் குறிப்பு: ‘மூன்றாம் தளக் கதவின் பூட்டு தளர்ந்துள்ளது. மாற்றும் வரை தினமும் கவனிக்கவும்.’ ஆறாம் குறிப்பு: ‘பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. மாற்றும் வரை லிஃப்டை இயக்கக் கூடாது.’ இரண்டும் அடுத்தடுத்த வரிகளில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. நான் எழுதினேன், விரல் வைத்து மும்முறை படித்தேன், மும்முறையும் சரியாக இருந்தது. அறிக்கையை அனுப்பினேன்.

மறுநாள் காலை, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் இருபத்திரண்டு படிகளும் ஏறி வந்து, வாசலில் நின்று மூச்சு வாங்கினார். அவர் கையில் அறிக்கை இருந்தது.

"லிஃப்ட் கம்பெனிக்கு லிஃப்ட் இல்ல. சரி, அது உங்க பாடு. எங்க லிஃப்ட் என்ன பாவம் பண்ணுச்சு? உங்க ஆளு மெயின் சுவிட்சப் பூட்டிச் சாவியத் தூக்கிட்டு வந்துட்டாரு. ஆறு மாடி, மேடம். எங்க அம்மாவுக்கு எண்பது வயசு. நேத்துல இருந்து ஜன்னலே கதின்னு உக்காந்திருக்காங்க."

"பிரேக் கட்டை தேஞ்சு போச்சு சார். நாளைக்குப் புதுசு வந்துடும்," என்றார் கயிறு.

"அதத்தான் கேக்குறேன். ‘பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. மாற்றும் வரை தினமும் கவனிக்கவும்.’ உங்க ரிப்போர்ட்தான்! கவனிக்கணும்னா ஓடணும்ல? நின்ன லிஃப்ட என்னத்தக் கவனிக்கிறது? சாவியக் கொடுங்க, நாங்க கவனிச்சுக்குறோம்."

கயிறு எழுந்து வந்து அறிக்கையை வாங்கிப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. கோப்பிலிருந்து தம் கையெழுத்துத் தாளை உருவி, அதன் பக்கத்தில் வைத்தார். செயலாளர் இரண்டையும் மாறி மாறிப் படித்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் மெல்ல வடிந்தது. அங்கு வந்த வேறொன்றைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"அப்ப... நான் சாவி வச்சிருந்தா..." என்றார்.

"வச்சிருக்க மாட்டீங்க சார்." கயிறு தம் சட்டைப் பையைத் தட்டினார், உள்ளே சாவி ஒலித்தது. "பேப்பர் என்ன சொன்னாலும், நான் நிறுத்தின லிஃப்டோட சாவி என்கிட்டதான் இருக்கும். முப்பது வருஷமா அப்படித்தான்."

நான் எழுந்து நின்றேன். "தவறு என்னுடையது ஐயா. அண்ணன் சரியாத்தான் எழுதிக் கொடுத்தாரு. நான் மேல் வரியப் பார்த்துக் கீழ எழுதிட்டேன்." பேச்சில்கூட என் பாடநூல் தமிழ் புகுந்துவிட்டது.

முதலாளியம்மா செயலாளரை அமரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்; மன்னிப்புக் கேட்டார்; பிரேக் கட்டையை அன்று மாலைக்குள் பொருத்துவதாகச் சொல்லி, கடைக்காரரை அவர் முன்பாகவே கைப்பேசியில் அழைத்தார். செயலாளர் இறங்கிச் செல்லும் காலடி ஓசையை நான் எண்ணினேன். இருபத்திரண்டு.

பிறகு நான் பேசினேன். குரலைப் பற்றி, வரி தாண்டும் கண்ணைப் பற்றி, ஒன்றும் ஓடாத இயர்போனைப் பற்றி. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்து, "எனக்குப் பாட்டுக் கேக்குற பழக்கமே கிடையாதும்மா," என்றேன். "கையெழுத்துப் போட்டது தப்பு. நாற்காலிய வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

கதவு கயிற்றைப் பார்த்தார். கயிறு முதலாளியம்மாவைப் பார்த்தார்.

"சொல்லிடவாம்மா?" என்றார் கதவு.

"சொல்லு."

"கோச்சுக்காதீங்கக்கா. மூணு வருஷம் முன்னாடி ஒரு நாள், காதுல இருந்தத அப்படியே மேசைமேல கழட்டி வச்சுட்டுக் கீழ தபால் வாங்கப் போனீங்க. உள்ள சத்தம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அப்படி என்ன பாட்டுத்தான் கேக்குறீங்கன்னு எடுத்துக் காதுல வச்சுப் பார்த்தேன். ‘கதவுச் சட்டத்தின் இடைவெளி ஆறு மில்லிமீட்டர்’னு ஒரு அம்மா பாடுச்சு."

"நம்பாம நானும் வச்சுப் பார்த்தேன்," என்றார் கயிறு. "எனக்கு ‘எண்ணெய் மாற்றப்பட்டது’ வந்துச்சு."

முதலாளியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு ‘இப்படிக்கு’ வரைக்கும் வந்துச்சு. நீ படி ஏறுற சத்தம் கேட்டுது. இருந்த மாதிரியே வச்சுட்டு ஆளுக்கொரு பக்கம் உக்காந்துட்டோம்."

அவர்கள் மூவரும் என் மேசையைச் சுற்றி நின்று, ஒருவர்பின் ஒருவராகக் காதில் செருகி, என் அறிக்கையைக் கேட்ட காட்சி என் கண்முன் வந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முதலில் கோபந்தான் வந்தது.

"தெரிஞ்சுக்கிட்டேவா மூணு வருஷம் ‘என்ன பாட்டு, என்ன பாட்டு’ன்னு கேட்டீங்க?"

"கேக்கலன்னா எங்களுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே," என்றார் கதவு.

"அன்னைக்குக் கம்ப்யூட்டர்காரர்கிட்ட படிச்சுக் காட்டுமான்னு கேட்டதும்..."

"பின்ன? எனக்கா கேட்டேன்? நீங்க ‘ஆமா, வேணும்’னு சொல்ல வாகா ஒரு பந்து போட்டேன். நீங்கதான் எனக்கு வேண்டாம்ப்பான்னு பத்து மாடிக்கு மேல அடிச்சுட்டீங்க."

முதலாளியம்மா இழுப்பறையைத் திறந்தார். என் சோதனைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். என் அழகிய கையொப்பத்துக்குக் கீழே அவர் கையொப்பமிட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மற்ற இருவருடைய தாள்களிலும் அவர் அன்றே கையொப்பமிட்டிருந்தார்.

"முழுச் சுமையும் ஏத்தலன்னு எனக்கு அப்பவே தெரியும். நீயா வந்து சொல்வேன்னு முப்பது நாள் கொடுத்தேன். அது என் தப்பு." அவர் நகமில்லாத விரலால் அந்த வெற்றிடத்தைத் தொட்டார். "சுமை ஏத்தாத லிஃப்ட்ட ஒரு நாள்கூட ஓட விட மாட்டேன். உன்ன மட்டும் பத்தொன்பது நாள் ஓட விட்டேன். உன் மனசு நோகுமேன்னு பார்த்தேன். நல்லவேளை, அவர் பையில சாவி இருந்துச்சு."

"நாற்காலி..." என்று தொடங்கினேன்.

"அந்த நாற்காலிக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்று கயிறு இடைமறித்தார். "நூறு கிலோவ மடியில வச்சுக்கிட்டு உருண்டிருக்கேன். வேற யாரும் உக்கார்றதா இருந்தா மறுபடி உருளணும். என் இடுப்பு தாங்காது."

அப்பொழுதுதான் நான் அழுதேன். ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை. கதவு தேநீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு கீழே போனார். கயிறு பிரேக் கட்டைக்கான கருவிகளைப் பையில் அடுக்கினார். எனக்கு அழுவதற்கு வேண்டிய நேரத்தை அவர்கள் அவ்வாறு தந்தார்கள்.

எனினும் ஒரு வருத்தம் எஞ்சியது. தொழில் பதிப்பை வாங்கினால் எனக்குக் குரல் கிடைக்கும். கதவுக்கு மொட்டை மாடி போய்விடும். தேநீரோடு திரும்பியவரிடம் அதைச் சொன்னேன்.

"உனக்கு முட்டி வலி தம்பி. போன்ல பார்க்குற வசதி உனக்கு எவ்வளவு முக்கியம்னு நீயே எழுதியிருக்க."

"எழுதினேன், இல்லன்னா சொல்றேன்?" என்றார் அவர், குவளைகளில் ஊற்றியவாறு. "போன்ல எழுத்துத் தெரிஞ்சுது. ஆனா வெயில்ல ஒரு கையால கண்ண மறைச்சு, ஒரு கையால போனப் பிடிச்சா, ஸ்பேனர எதால பிடிக்கிறது? பல்லாலயா?"

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை நான் அறியேன்.

வெள்ளிக்கிழமை கணினிக்காரர் மீண்டும் வந்து தொழில் பதிப்பை ஏற்றினார். தமிழ்க் குரலைப் பொருத்தினார். முதலாளியம்மா புதிய தாளை என் முன் வைத்தார். ‘ஏற்றிய சுமை’ என்ற கட்டத்தில் நான் எழுதினேன்: ‘அறிக்கை எழுதுதல். எழுதியதைக் குரல் வழியே கேட்டுச் சரிபார்த்தல்.’ அந்தக் கட்டம் போதவில்லை, ஓரத்திலும் எழுதினேன். பிறகு, ஆறு மாடிக் குடியிருப்பின் திருத்திய அறிக்கையைத் திறந்தேன். இயர்போனை எடுத்துக் காதருகே கொண்டுபோனேன். கொண்டுபோன கை நின்றது. அதன் வடத்தைக் கணினியிலிருந்து உருவி, சுருட்டி, இழுப்பறையில் போட்டேன்.

புதிய குரல் பழையவளைவிட இளையது. முற்றுப்புள்ளியில் மூச்சு விடக் கற்றிருந்தது. "பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. மாற்றும் வரை லிஃப்டை இயக்கக் கூடாது," என்று அறை முழுவதும் கேட்கும்படி அது படித்தது. கயிறு தம் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறிப்பாகத் தலையசைத்தார். ஒன்பதும் முடிந்தன.

"பாட்டு எப்படி?" என்று கேட்டேன்.

"ராகம் பரவால்ல," என்றார் கதவு. "தாளத்துக்கு உங்க கால்தான் இல்ல."

நான் கையொப்பமிட்டேன். முதலாளியம்மா, மை காய்வதற்கு முன்பே, அதன் கீழே தம் கையொப்பத்தை இட்டார். அந்தத் தாளின் நகல் ஒன்றை நான் வீட்டில் வைத்திருக்கிறேன். என் கணவர் அதைப் படித்துவிட்டு, பேருந்தில் பயணி ஒருவர் தவறவிட்ட படச்சட்டம் ஒன்று ஆறு மாதமாக யாரும் கேட்டு வராமல் பணிமனையில் கிடப்பதாகவும், அதை வாங்கி வந்து மாட்டலாம் என்றும் கூறினார். அந்தச் சட்டம் இன்னும் வந்தபாடில்லை.

இப்பொழுது கதவு, மொட்டை மாடி அறையிலிருந்து என்னை அழைப்பார். காற்றின் இரைச்சலும் இயந்திரத்தின் முனகலும் அவர் குரலுக்கு முன்னால் என் காதில் விழும்.

"அக்கா, கைல கிரீஸ். போன வருஷ ரிப்போர்ட்ல நாலாவது மாடிக் கதவு என்னன்னு கொஞ்சம் படிங்க."

நான் கோப்பைத் திறப்பேன். குரலை அழைப்பதில்லை. திரையில் விரலை வைத்து, அவர் கேட்ட வரியை நானே படிப்பேன். படித்து முடித்ததும் அவர் எப்பொழுதும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, "இன்னொரு தடவை," என்பார். நான் இன்னொரு தடவையும் படிப்பேன்.